நூலில் ஆடும் மரப்பாவை



உள்ளத்தில் நாணம் அற்றவர் உலகில் நடமாடுவது எத்தகையது என்பதைத் திருவள்ளுவர் ஓர் உவமையால் விளக்குகின்றார். மரத்தாற் செய்த பாவையொன்று, கட்டிய கயிற்றால் இயங்கி, உயிருடையது போலக் காண்பாரை மயக்குவதற்கு அது நிகராகும் என்பது அவர் கருத்து. நாண் என்னும் சொல் வெட்கத்தையும் குறிக்கும், கயிற்றையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கும்படி, நாணுடைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அந்த உவமை அமைந்துள்ளது. இரவு என்னும் அதிகாரத்திலும், இரப்பவர் இல்லாத உலகத்தின் இயக்கம் மரப்பாவை சென்று வருவது போன்றதே என்கின்றார். கேட்பவர் கண்ணாற் கண்டு பழகிய பொருளையே புலவர் உவமையாக எடுத்தாள்வர். ஆகவே, கயிற்றில் ஆடும் மரப்பாவை அக்காலத் தமிழ் மக்களுக்கு நன்கு பழகிய காட்சியாகவே இருந்திருத்தல் வேண்டும்.

வடமொழி நாடகத்தை நடத்துபவனுக்குச் சூத்திரதாரன் என்று பெயர். சூத்திரம் என்பது நூல்; சூத்திரதாரன் என்றால் நூலைப் பிடித்திருப்பவன். இந்தச் சொல்லைச் சான்றாகக் கொண்டு, ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் பிஷெல் என்பவர், மனிதர் நடிக்கும் நாடகத்திற்கே பொம்மலாட்டந்தான் தாய் என்று 1900-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். பின்வந்த அறிஞர் அனைவரும் அதனை ஏற்றுக்கொண்டனர் அல்லர். எனினும், நாடகத்தலைவனின் பெயரிலேயே ஒரு நூல் தொங்கிக்கொண்டிருப்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

மர பொம்மைகளை நூலால் ஆட்டும் கலை நம் நாட்டிற் பல பகுதிகளில் உண்டு. தமிழகத்திலும், கன்னடத்திலும், ஒடிசாவிலும், மகாராஷ்டிரத்திலும், வங்காளத்திலும் அதற்கென்று தனித்தனி மரபுகள் இருக்கின்றன. அவற்றுள் இராஜஸ்தானத்துக் கட்புத்லியைப் பற்றியே இன்று சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். அதற்குக் காரணம் என் வீட்டுச் சுவரில் தொங்கும் ஓர் இணை பொம்மைகள்.

சில ஆண்டுகளுக்கு முன், டில்லிக் கடைத்தெருவில் கைவினைப் பொருள் விற்கும் கடையொன்றில், அரசனும் அரசியுமாக இரண்டு கட்புத்லிகளை என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அப்பொழுது அவளுக்கு எட்டு வயது. சரிகை மின்னும் உடையும், முறுக்கிய மீசையும், பெரிய கண்களுமாக அவை பார்வைக்கு மிக அழகாக இருந்தன. வீட்டிற்கு வந்ததும் அவள் நூலைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். அரசன் தன் நூலையே முறுக்கிக்கொண்டு பம்பரம்போற் சுழன்றான். பின்பு மல்லாந்து தொங்கினான். அரசியின் கதியும் அதுவே. நானும் முயன்று பார்த்தேன். பயன் இல்லை. "அப்பா, இவற்றுக்கு ஆடத் தெரியவில்லை" என்று சொல்லி அவள் போய்விட்டாள். ஆட்டத் தெரியாதது நம் குற்றம் என்று எண்ணி, பொம்மைகளைச் சுவரில் மாட்டினேன்.

அடுத்த குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு விழா நடந்தது. அதற்கு முதியவர் ஒருவர் தம் குடும்பத்தாருடன் வந்து கட்புத்லி ஆட்டம் நடத்தினார். ஆட்டம் முடிந்ததும் என் மகள் சுவரிலிருந்த அரசனை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதனை வாங்கி, தராசில் இட்டது போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உடம்பை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நூலைப் பிடித்து இரண்டு மூன்று முறை அசைத்தார். அத்துணைத் தேர்ந்த கையிலும் அது ஆடவில்லை. முதியவர் சிரித்தார். "பாபுஜி, இது ஆணியில் தொங்குவதற்காகச் செய்தது" என்றார். பின்னர்த் தம் பெட்டியிலிருந்து பழைய பாவையொன்றை எடுத்து என் மகளின் கையிற் கொடுத்தார். அவள் கையை ஏறக்குறையச் சாய்த்தாள். பாவை குனிந்து வணங்கியது. குழந்தையின் முகம் மலர்ந்தது. "ஆடத் தெரிந்த பாவை, ஆட்டத் தெரியாத கையிலும் சற்று ஆடும். ஆடத் தெரியாத பாவை, ஆட்டத் தெரிந்த கையிலும் ஆடாது" என்று அவர் சொன்னார்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பொம்மைகளில் ஒன்று ஆடுகின்றது, ஒன்று ஆடுவதில்லை. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு யாது? அந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் இந்தக் கைத்தொழிலின் நுட்பம் எனக்கு ஓரளவு விளங்கியது.

முதலிற் பெயரைப் பார்ப்போம். கட்புத்லி என்பதில் முதற்பகுதி மரத்தைக் குறிக்கும். புத்லி என்பது பாவை. ஆகவே மரப்பாவை என்று வள்ளுவர் ஆண்ட சொல்லே அதற்கு நேரான மொழிபெயர்ப்பு. சொற்களை எடைபோடுவதே என் தொழிலாதலின், இன்னும் ஓர் ஒற்றுமையையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகின்றது. தமிழிற் பாவை என்பது பொம்மையையும் குறிக்கும். கண்ணின் கருமணியையும் குறிக்கும். இந்தியிலும் புத்லி என்ற சொல்லுக்கு அதே இரண்டு பொருள்களும் உண்டு. எதிரே நிற்பவரின் கருமணியில் நம் உருவம் ஒரு சிறு பொம்மையாகத் தெரிவதைக் கண்டே இரு மொழியினரும் இவ்வாறு பெயரிட்டனர் போலும்.

கட்புத்லி ஆட்டத்தைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள் பாட் என்னும் வகுப்பினர். தம்மை ஆதரித்தோரின் குலவரலாற்றைப் பாடும் மரபினர் இவர்கள். இராஜஸ்தானத்தின் நாகௌர் வட்டாரமும் அதன் சுற்றுப்புறமும் இவர்களுக்குத் தாயகம். மழைக்காலத்தில் ஊரில் தங்கி வயல்வேலை செய்வதும், மழை நின்றபின் பொம்மைகளையும் மத்தளத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வதும் இவர்களுடைய பழைய வாழ்க்கை முறை. தங்கள் முன்னோர் விக்கிரமாதித்தன் காலத்திலேயே பாவை ஆட்டியவர்கள் என்று இவர்கள் பெருமையுடன் கூறிக்கொள்வர். விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் இருந்த முப்பத்திரண்டு பதுமைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்து கதை கூறியதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம் அல்லவா? அந்தப் பதுமைகளின் கதையே தங்கள் முதல் ஆட்டம் என்பது இவர்களது ஐதிகம். இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும், மரப்பாவை பேசும் என்னும் நம்பிக்கையைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதனினும் பொருத்தமான மூதாதையர் கதை வேறு அமையாது.

இனிப் பாவை உருவாகும் முறையைக் காண்போம். இதற்குப் பெரும்பாலும் மாமரத்துக் கட்டையையே எடுத்துக்கொள்கின்றனர். அது எளிதிற் கிடைப்பது, உளிக்கு இசைவது, ஓரளவு எடையும் உள்ளது. பச்சை மரம் பின்னால் வெடிக்குமாதலின் கட்டை நன்றாக உலர வேண்டும். தலை, கழுத்து, மார்பு ஆகிய மூன்றும் ஒரே கட்டையிற் செதுக்கப்படுகின்றன. தலையைத் தனியே செய்து கழுத்திற் செருகுவது பொதுவான வழக்கம் அன்று. கைகளைத் துணியாற் குழல்போல் தைத்து, உள்ளே பஞ்சோ கந்தலோ அடைத்துத் தோளிற் பொருத்துவர். முழு உருவமும் ஏறக்குறைய ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை இருக்கும்.

முகம் நீள்வட்டமானது. வில்லாக வளைந்த புருவம், முகத்திற் பாதியை நிறைக்கும் பெரிய கண்கள், தடித்த உதடு ஆகியவை கட்புத்லிக்குரிய அடையாளங்கள். அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கண்கள் அளவுக்கு மிஞ்சியனவாகத் தோன்றலாம். ஆனால், இவை அருகிற் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரவு நேரத்தில், எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில், கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் அந்த முகம் தெரிய வேண்டும். கோயிற் கோபுரத்தின் மேல்நிலைச் சிற்பங்களைத் தரையிலிருந்து பார்ப்பவனை மனத்திற் கொண்டு சிற்பி செய்வதில்லையா? அதைப் போன்றதே இதுவும். முகத்திற்கு மஞ்சள் போன்ற வெளிறிய வண்ணம் பூசி, கண்ணையும் மீசையையும் கருமையால் அழுத்தமாக எழுதுவதும் அதனாலேயே.

கட்புத்லியில் முதன்முறை பார்ப்பவரை வியக்க வைப்பது ஒன்று உண்டு. அதற்குக் கால்கள் இல்லை. மார்புக்குக் கீழே இருப்பது நீண்டு புரளும் பாவாடை மட்டுமே. அரசனுக்கும் அதுவே, வீரனுக்கும் அதுவே. இது செய்பவரின் சோம்பலன்று. தேர்ந்த அறிவின் பயன். காலைச் செய்தால் முழங்கால் மடங்க வேண்டும். அதற்கு நூல் வேண்டும். அந்நூலுக்கு ஒரு விரல் வேண்டும். காலை விட்டுவிட்டால், பாவை தரைமேல் வழுக்கிக்கொண்டு ஓடும், தாவும், சுழலும். சுழலும்போது பாவாடை குடைபோல் விரியும். உள்ளே கால்கள் இருப்பதாகப் பார்ப்பவனே எண்ணிக்கொள்வான். தவிர, ஒரு பாவையை ஆட்ட ஒரே கை போதுமானதாகி விடுகின்றது. ஆகவே ஒருவரே இரு கைகளிலும் இரண்டு பாவைகளை ஏந்தி, வாட்போர் நடத்திக் காட்டிவிடுவார்.

அடுத்து நூல். கட்புத்லிக்கு இரண்டு முதல் ஐந்து நூல்கள் வரை உண்டு. பெரும்பாலானவற்றிற்கு இரண்டே. ஒன்று பாவையின் உச்சந்தலையிற் கட்டப்பட்டு, ஆட்டுபவரின் கைவிரல்மேல் வளைந்து சென்று, பாவையின் முதுகுப்புறத்தில் இடுப்பருகே முடிகின்றது. மற்றொன்று, ஒரு கையிலிருந்து புறப்பட்டு அதேபோல் வளைந்து மறு கையில் முடிகின்றது. நூல்களைக் கட்டித் தொங்கவிடும் சட்டமோ குச்சியோ கிடையாது, விரல்களே சட்டம். உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்தால், தலைநூல் தளர்ந்து முதுகுநூல் இறுகும். பாவை குனிந்து வணங்கும். கையை நிமிர்த்தினால் பாவையும் நிமிரும். கைநூலைச் சுண்டினால் வாள் வீசும். என் மகள் கையில் அந்தப் பழைய பாவை வணங்கியது இந்த அமைப்பினாலேயே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். நூலால் இழுக்க முடியும், தள்ள முடியாது. பாவையின் கையை நூல் மேலே தூக்குகின்றது. அந்தக் கையைக் கீழே இறக்குவது எது? நூல் அன்று, கையின் எடை. தலையை நிமிர்த்துவது நூல். குனிய வைப்பது தலையின் எடை. ஆகவே நூற்பாவையை எப்பொழுதும் இருவர் ஆட்டுகின்றனர் எனலாம். ஒருவர் திரைக்குப் பின்னால் நிற்கும் கலைஞர். மற்றொருவர் கீழிருந்து இழுக்கும் பூமித்தாய். அவள் இழுப்பதற்கு ஏற்ற எடை, ஏற்ற இடத்தில் இருந்தால்தான் ஆட்டம் நடைபெறும். தலையும் மார்பும் ஒரே மரமாக இருப்பதன் காரணம் இப்பொழுது விளங்கும். எடை குறைந்தால் பாவை காற்றில் ஊசலாடும். மிகுந்தால் ஆட்டுபவரின் கை சோர்ந்துவிடும். ஒரு பக்கம் தடித்துவிட்டால் பாவை எப்பொழுதும் அந்தப் பக்கமே திரும்பி நிற்கும். எங்கள் வீட்டு அரசனுக்குத் தலை மட்டுமே மரம். உடம்பு முழுவதும் கந்தல். அழகுக்கு அது போதும், ஆட்டத்திற்குப் போதாது.

இதே சிக்கலைப் பிற மாநிலத்தார் வேறு வழிகளில் தீர்த்திருக்கின்றனர். கன்னட நாட்டுக் கொம்பெயாட்டப் பாவைகள் யக்ஷகான நடிகரைப் போன்ற ஒப்பனை உடையவை. அவற்றுக்குக் கால்களும் உண்டு. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் மூட்டுகளும் உண்டு. எனவே ஐந்து முதல் ஏழு நூல்கள் தேவைப்படுகின்றன. அவற்றை ஒரு சட்டத்திற் கட்டி ஆட்டுகின்றனர். ஒடிசாவின் பாவைகள் கட்புத்லியைப் போலவே கால் இல்லாதவை, ஆனால் எடை குறைந்த மரத்தால் ஆனவை, மூட்டுகள் மிகுதி. முக்கோண வடிவான மரச்சட்டத்தில் நூல்களைக் கட்டிப் பிடித்துக்கொள்வர். நம் தமிழகத்துப் பொம்மலாட்டப் பாவைகளோ நாட்டிலேயே பெரியவை. நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ள பாவைகள் உண்டு. அத்துணைப் பாரத்தை விரல் தாங்குமா? ஆகவே நூல்களை ஓர் இரும்பு வளையத்திற் கட்டி, அதனைக் கலைஞர் தம் தலையிற் கிரீடம்போல் அணிந்துகொள்கின்றார். பாவையின் கைகளைக் கம்பிகளால் இயக்குகின்றார். நூல் தள்ளாது, கம்பி தள்ளும். அதனாலேதான் தமிழ்நாட்டுப் பாவை பரதநாட்டிய முத்திரைகளையும் நிதானமாகப் பிடித்துக் காட்டுகின்றது. கட்புத்லிக்கு அந்த நிதானம் இல்லை. அதற்கு உரியது வேகம். ஒவ்வொரு நாட்டாரும் தமக்கு வேண்டிய ஆட்டத்தை முதலில் நினைத்து, அதற்கேற்ற மரத்தையும் நூலையும் அமைத்துக்கொண்டனர் என்பதே இதனால் அறியத்தக்கது.

கட்புத்லியின் அரங்கு மிக எளியது. இரண்டு கயிற்றுக் கட்டில்களை நிமிர்த்தி நிறுத்தி, இடையே மூங்கிலைக் கட்டினால் அரங்கு ஆயிற்று. முன்புறம் மூன்று வளைவுகள் கொண்ட வண்ணத் துணி தொங்கும். அது அரண்மனை மண்டபமாகக் காட்சி தரும். பின்புறம் கறுப்புத் திரை. அதன் பின்னே நிற்கும் கலைஞர் திரைக்கு மேலாகக் கையை நீட்டிப் பாவைகளை ஆட்டுவார். நூலும் கறுப்பு, திரையும் கறுப்பு ஆதலால் நூல் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வரங்கிற் பெருவழக்காக ஆடப்படுவது அமர்சிங் ராத்தோர் கதை. இது நடந்த வரலாற்றை அடியொற்றியது. மார்வார் மன்னன் கஜசிங்கின் மூத்த புதல்வன் அமர்சிங். அரசுரிமை இளையவனான ஜஸ்வந்த் சிங்கிற்குப் போயிற்று. அமர்சிங் மொகலாயப் பேரரசன் ஷாஜஹானிடம் பணி ஏற்று, நாகௌரைப் பெற்று ஆண்டான். 1644-ஆம் ஆண்டில், ஆக்ராவில், அரசவையிலேயே சலாபத் கான் என்னும் உயர் அதிகாரியை வாளால் வெட்டி வீழ்த்தினான். தானும் அங்கேயே கொல்லப்பட்டான். ஆக்ராக் கோட்டையின் தெற்கு வாயிலுக்கு இன்றும் அவன் பெயரே வழங்குகின்றது. நாகௌர்ப் பாட்டுக்காரர்கள் நாகௌர் வீரனின் கதையை இத்தனை தலைமுறையாகப் போற்றி வருவதில் வியப்பில்லை. அவையிற் பிரபுக்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். அந்தப் பாவைகளைப் பின்திரையருகே தொங்கவிட்டிருப்பார்கள், அவை அசைவதில்லை. அசைவற்ற அந்த வரிசைக்கு முன்னே ஒரு வாள் திடீரென்று பாயும்போது, நாற்பதாண்டு அலுவலகக் கோப்புகளைப் பார்த்துச் சலித்த முதியவரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகின்றார். எங்கள் குடியிருப்பில் இதனைக் கண்ணாரக் கண்டேன்.

கதைக்கு நடுவே வேடிக்கைகளும் வரும். ஒரு பாம்பாட்டியும் பாம்பும் வரும். துணி வெளுக்கும் வண்ணானை முதலை விழுங்கும். மந்திரவாதி ஒருவன் தன் தலையைத் தானே கழற்றி மேலே பறக்கவிட்டு, மறுபடி கழுத்திற் பொருத்திக்கொள்வான். அவனுக்குத் தலை தனியாக நூலில் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். இன்னொரு பாவை கண்ணிமைக்கும் நேரத்தில் ஆண் பெண்ணாக மாறும். அதன் மர்மம் பாவாடைக்குள் இருக்கின்றது. கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் தலைகீழாக மற்றோர் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். பாவையைக் கவிழ்த்தால் பாவாடை புரண்டு விழுந்து முதல் உருவத்தை மறைத்து, இரண்டாவதை வெளிக்காட்டும். காலை விட்டுவிட்டவர்களுக்கு அந்த வெற்றிடமே மற்றொரு பாவைக்கு இடமாயிற்று.

பாவையின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானொலியில் பாவையைக் காட்ட இயலாது. அதன் குரலையாவது நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். மூங்கிற் பட்டைகளுக்கிடையே மெல்லிய தோலை இழுத்துக் கட்டிய ஒரு சிறு கருவியைக் கலைஞர் வாயில் அடக்கிக்கொண்டு ஊதுகின்றார். கீச்சென்ற அந்த ஒலி மனிதக் குரலுமன்று, பறவைக் குரலுமன்று. அக்கருவிக்கு 'போலி' என்று பெயர். இது நம் தமிழ்ப் போலியன்று. பேச்சு என்னும் பொருளுடைய இந்திச் சொல். கோபம், அழுகை, கெஞ்சல், கட்டளை ஆகிய அனைத்தையும் அந்தக் கீச்சொலியே உணர்த்தும். ஆனால் சொற்கள் தெளிவாக விளங்கமாட்டா. அரங்கின் ஓரத்தில் மத்தளம் வாசித்துக்கொண்டிருக்கும் பெண்மணி, பெரும்பாலும் கலைஞரின் மனைவி, பாவை சொன்னதைக் கேட்டு, அதனையே வினாவாகவும் விடையாகவும் பாட்டாகவும் திருப்பிச் சொல்கின்றார். அதன் பின்னரே அவையோருக்குப் பொருள் விளங்குகின்றது.

அதாவது, கட்புத்லி அரங்கில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கின்றார். இதனை உணர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை நேயர்கள் மன்னிக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் பணியை, ஒரு மத்தளத்தையும் வாசித்துக்கொண்டு, தாளம் தவறாமல் அந்த அம்மையார் செய்தார். பாவையைப் பற்றிப் பேசுவோர் நூலைப் பிடித்த ஆடவரையே புகழ்கின்றனர். அந்தப் பெண்மணி எழுந்து போய்விட்டால் ஆட்டம் ஊமையாகிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கலையைப் பேணுவதற்குச் சில முயற்சிகள் நடைபெற்றதுண்டு. தேவிலால் சாமர் என்னும் அறிஞர் 1952-ஆம் ஆண்டில் உதயபூரில் பாரதீய லோக் கலா மண்டல் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் குழு 1965-இல் ருமேனியாவின் தலைநகரான புகாரெஸ்டில் நடந்த உலகப் பாவைக்கூத்து விழாவிற் பரிசு பெற்று வந்தது. சங்கீத நாடக அகாதமியும் பாவைக்கூத்துக் கலைஞருக்கு விருது அளித்து வருகின்றது. தலைநகரில் ஷாதிபூர்ப் பேருந்துப் பணிமனைக்கு அருகே, பாவைக்கலைஞரும், கழைக்கூத்தாடிகளும், மந்திர வித்தை செய்வோரும் பல பத்தாண்டுகளாக ஒருங்கே வாழ்ந்து வந்தனர். அக்குடியிருப்புக்குக் கட்புத்லி காலனி என்றே பெயர் வழங்கியது. புதிய அடுக்கு வீடுகள் கட்டுவதற்காக 2017-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அது இடிக்கப்பட்டது. குடும்பங்கள் தற்காலிக முகாமுக்கும் நகரின் புறப்பகுதிக்குமாகப் பிரிந்தன.

நல்ல வீடு எவருக்கும் வேண்டுவதே. கூரை ஒழுகும் குடிசையே கலைக்கு ஏற்றது என்று, ஒழுகாத வீட்டில் இருந்துகொண்டு நாம் கூறுவது முறையாகாது. ஆயினும், இத்தொழிலுக்கு ஒரு முற்றம் தேவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கட்டை உலர வெயில் வேண்டும். உளியின் ஓசை அண்டை வீட்டாருக்கு இடையூறாகாத இடம் வேண்டும். கட்டிலை நிறுத்தி ஒத்திகை பார்க்க வேண்டும். தந்தை செதுக்குவதையும் தாய் பாடுவதையும் பார்த்துக்கொண்டே பிள்ளை வளர வேண்டும். இந்தக் கல்விக்குப் பாடநூல் இல்லை.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. எங்கள் குடியிருப்புக்கு வந்த முதியவரிடம், "உங்களுக்குப் பின் இதனை யார் செய்வார்?" என்று கேட்டேன். அவர் தம் பேரனைச் சுட்டிக் காட்டினார். "இவன் என்னைவிட விரைவாகத் தலை செதுக்குவான், பாபுஜி. கடைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போகின்றனர். ஆனால் போலியை வாயில் வைக்க அறியான். ஆட்டத்திற்கு அழைப்பவர் குறைவு. ஆணியில் மாட்ட வாங்குபவர் மிகுதி. எதற்குக் கூலி கிடைக்கின்றதோ அதைத்தானே பிள்ளை கற்பான்?" என்றார்.

அவர் கூறியதில் குறை காண்பதற்கு இடமில்லை. முற்காலத்தில் பாவையைச் செதுக்கியவரும் ஆட்டியவரும் ஒருவரே. முன்னிரவில் ஆட்டத்தின்போது பாவை ஒரு பக்கம் சாய்ந்தால், மறுநாட் காலையில் அவர் அந்தப் பக்கத்தை இழைத்துச் சரிசெய்வார். ஆட்டும் கைக்குத் தெரிந்தது உளி பிடிக்கும் கைக்கும் தெரிந்தது. இப்பொழுது அவ்விரண்டும் பிரிந்துவருகின்றன. விற்பனைக்குச் செதுக்குபவன் தன் பாவை ஆடுவதைக் காண்பதே இல்லை. ஆகவே அதன் பிழையும் அவனுக்குத் தெரிவதில்லை. மரம் தலையளவிற் சுருங்கி, உடம்பு கந்தலானதற்குக் காரணம் அவனுடைய கைக்குறையன்று. சுவர் எந்தப் பிழையையும் எடுத்துச் சொல்வதில்லை; அதுவே காரணம்.

பாட் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆடி ஆடித் தேய்ந்துபோன பாவையை அவர்கள் குப்பையில் எறிவதில்லை. விறகாக எரிப்பதும் இல்லை. வணங்கி, ஓடும் நீரில் விடுகின்றனர். அது நெடுந்தூரம் மிதந்து செல்வது நன்னிமித்தம் என்பர். உழைத்துக் களைத்த ஓர் உறவினருக்குச் செய்யும் மரியாதை அது. சுவரில் மாட்டிய பாவைக்கு அந்தப் பேறு கிட்டுவதில்லை. நிறம் மங்கியதும் அதனைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடுகின்றோம்.

நாம் செய்யத்தக்கது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்புத்லியை வாங்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. வாங்குமுன் அதனைக் கையில் எடுத்து எடை பாருங்கள். மார்பைத் தட்டிப் பாருங்கள். நூலைப் பிடித்து ஒருமுறை வணங்கச் சொல்லுங்கள். அதற்கும் மேலாக, பள்ளி ஆண்டுவிழாவுக்கோ, திருமண வீட்டிற்கோ, குடியிருப்பு விழாவுக்கோ ஆடும் குழுவினரை அழையுங்கள். தமிழகத்தில் இருப்போர் நம் பொம்மலாட்டக் குழுவினரை அவ்வாறே அழைக்கலாம். ஒலிபெருக்கியில் திரைப்பாடல் முழங்குவதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுங்கள். பொம்மைக்குக் கொடுக்கும் விலை உளியை மட்டுமே காப்பாற்றும். ஆட்டத்திற்குக் கொடுக்கும் கூலி உளியையும் நூலையும் மத்தளத்தையும் சேர்த்துக் காப்பாற்றும்.

எங்கள் வீட்டு அரசனும் அரசியும் இன்னும் சுவரில் இருக்கின்றனர். அவர்கள்மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்த முதியவர் சென்ற பிறகு, என் மகள் அவர்களிடம் விளையாடப் போகவில்லை. "அந்தத் தாத்தா மறுபடி எப்போது வருவார், அப்பா?" என்றே கேட்டாள். அடுத்த ஆண்டு விழாவுக்கும் அவரையே அழைப்பது என்று குடியிருப்புச் சங்கத்திற் பேசி முடிவு செய்தோம். அவரும் வந்தார். பேரன் இம்முறை திரைக்குப் பின்னால் தாத்தாவின் அருகே நின்று, பிரபுக்கள் வரிசையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.